பெட்டை, வயது இரண்டு இருக்கலாம்

ஊசி அட்டையில் பெயர் எழுதும் இடத்தைத்
தல்லாகுளம் ஆஸ்பத்திரியில் நான் நிரப்பவில்லை.
கொடுத்துவிடப் போகிற ஒன்றுக்கு
நான் எதற்குப் பெயர் வைக்க?
'புள்ள' என்றேன். திரும்பிப் பார்த்தது.
அதுவே போதும் என்றிருந்தேன் ஐந்து மாதம்.

கிருதுமால் சாக்கடையில், பாலத்துக்கடியில்
இடுப்பு ஒடிந்து கிடந்தபோது
பன்றி என்றுதான் நினைத்தேன்.
அன்றைக்கு லேப்பில்
அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.

வீட்டுக்காரர் நல்லவர்.
ஆவணி பிறக்கும்வரை என்றார்.
பொன்மேனியில் ஒரு மாடி போர்ஷனுக்கு
அதற்குமேல் நல்லவராக இருக்க முடியாது.

பிறகு போன்கள்.
ஜாதி நாயா என்று கேட்டார்கள்.
நிறம் கேட்டார்கள்.
பெட்டை என்றதும் குரல் இறங்கியது.
கால் கொஞ்சம் இழுக்கும் என்றதும்
வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்றார்கள்.
என்னைப் பார்க்க வந்தவர்களும்
ஏறக்குறைய இதே வரிசையில்தான் கேட்டார்கள்.

வாடிப்பட்டிக்காரர் தோப்புக் காவலுக்கு என்றார்,
சங்கிலி இருக்கிறதாம், புதுசு.
அனுப்பானடியில் ஒருவர் ஜோசியர் சொல்லி
முழுக்கறுப்பு தேடிக்கொண்டிருந்தார்,
நாற்பத்தெட்டு நாளைக்கு.
நாற்பத்தொன்பதாம் நாள்? என்றேன்.
வைத்துவிட்டார்.
திருநகர் டீச்சர் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.
பையன் பந்து எறிந்தான்,
புள்ள இழுத்து இழுத்து ஓடி எடுத்து வந்தது.
மாடிப்படியில் கைப்பிடி இல்லை என்று
நான்தான் வேண்டாம் என்றேன்.
அன்று ராத்திரி
என்மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

ஒச்சம்மாள் நைட் டூட்டி முடித்த கண்ணோடு வந்தாள்.
கள்ளிக்குடிப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை.
வந்தவள் நாயைத் தொடவில்லை.
தரையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து,
"இது எதுக்கெல்லாம் பயப்படும்?" என்றாள்.

அதுவரை ஒருத்தரும் கேட்காதது.
விளக்குமாறு, என்றேன். லாரி ஹாரன். காக்கிச்சட்டை.
குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டாள். நீலம்.
ரயில் எப்படியோ தெரியாது, என்றேன்.
"எனக்கும் மொதல்ல பயந்தான்.
வண்டிக்கு முன்னாடி தரை சொல்லிரும். பழகிரும்."

ஞாயிற்றுக்கிழமை குட்டியானையில் போனோம்,
பின்னால் சாக்கு விரித்து நானும் அதுவும்.
கப்பலூர் தாண்டும்வரை என் மடியில் தலை,
அப்புறம் காற்றில்.
கேட் ரூமைச் சுற்றிப் புதிதாகக் கம்பிவேலி,
இடைவெளி எல்லாம் சேலைக் கிழிசலால் கட்டி.
குறை தேடிய என் கண்ணை அவள் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது சொன்னேன்:
"சரிப்படலைன்னா எந்நேரமும் கொண்டுவந்து விட்டுருங்க.
ஏன்னு கேட்க மாட்டேன்."

என்னை அனுப்பும்போது
எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம்.
பஸ்ஸில் திரும்பும்போது
இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன்.
"கட்டிலுக்கடியிலயே கெடக்கு. ஒரு வாய் திங்கல.
கருவாடு வச்சும் பாத்துட்டேன்."
கொண்டுவந்து விடுங்கள் என்பது
நாக்கு நுனியில் இருந்தது.

ஒன்றை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.
மறந்தேனா, எனக்கென்று வைத்துக்கொண்டேனா,
இன்றைக்கும் தெரியாது.

"தட்டை வச்சிட்டு
முகத்தைத் திருப்பிக்கங்க.
பாத்தா சாப்பிடாது."

பதில் வருவதற்குள் அங்கே மணி அடித்தது.
போனைக் கட்டிலில் போட்டுவிட்டு
கேட் சாத்தப் போய்விட்டாள்.
கூட்ஸ் போலிருக்கிறது, வெகுநேரம் போயிற்று.
அது ஓய்ந்து இன்னும் கொஞ்சம் கழித்து
சிமெண்ட் தரையில் அலுமினியத் தட்டு
நகர்ந்தது.
நின்றது.
மறுபடி நகர்ந்தது.

பொன்மேனியில், விளக்குப் போடாமல்,
நானும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.